துலா மிதித்த காலமும் மெசின் வந்த காலமும்



நேற்று தரம் 9 வகுப்பில் நீர்ப்பாசனப் பாடம். கோதுமை விளைகிற நாடுகளில் ஒரு கன மீற்றர் தண்ணீருக்கு, அதாவது 1000 லீற்றருக்கு, எத்தனை கிலோ தானியம் கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பார்கள், சுமார் ஒரு கிலோ வரும் என்றேன். "யாழ்ப்பாணத்தில ஆர் சேர் அப்பிடி அளந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. வலிகாமத்துச் செம்பாட்டில் விளைந்த புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

துலாக் காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறக் கால் ஓய்ந்துவிடும். அந்தக் களைப்புத்தான் அளவு. கிணறு பல பேருக்குப் பொது. உங்கள் வீட்டுப் பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கும். முறை தவறினால் சண்டைதான். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மிதித்தவர்களில் பலர் கூலிக்கு மிதித்தவர்கள்.

1950களில் மண்ணெண்ணெய் மெசின் பரவியது. மெசினுக்குக் களைப்பில்லை. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு ஏறத்தாழ 40 அடி ஏறக்கூடும் என்பது நிலத்தடி நீரின் கணக்கு. ஆகவே கிலோவை மட்டும் எண்ணி நமக்குக் காணாது. பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர் திரும்பவும் நிலத்துக்குள்தான் போகிறது, நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருக்கிறது.

90க்குப் பிறகு புத்தளம் பக்கம் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. நம் உம்மாமார் பலர் அங்கே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்கள். கற்பிட்டி மணலுக்குள்ளும் இதே மெல்லிய நன்னீர், இதே மோட்டர், இதே உரம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒரு வாளி நிரம்ப எத்தனை செக்கன், மெசின் எத்தனை மணித்தியாலம் ஓடியது, இறைக்க முன்னும் பின்னும் கிணற்று மட்டம் எவ்வளவு. கயிறும் முடிச்சும் போதும். உங்கள் கிணற்றுக் கணக்கையும் கீழே போடுங்கள், திங்கட்கிழமை வகுப்பில் சேர்த்துப் பார்ப்போம்.