கடைசி மூன்று அவுட்டுக்கு என்ன விலை? – பேஸ்பால் க்ளோசர்களின் கதை

கிரிக்கெட்டே கதி என்று கிடந்த என்னை ஃபேண்டஸி பேஸ்பால் பக்கம் இழுத்துவிட்டவன் என் அறை நண்பன். எட்டே பேர் விளையாடும் சின்ன லீக். நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் எடுக்கும் எண்களை வைத்து நமக்குப் புள்ளி. முதல் வருடமே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். என்னிடம் ஒரு ரிலீவர் இருந்தார். யாரும் அவரை அடிக்கவே முடியவில்லை. ஆனால் 'சேவ்' என்ற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம். அவரைக் கழற்றிவிட்டு, சேவ் நிறைய வைத்திருந்த ஒரு க்ளோசரை எடுத்தேன். ஒரே மாதத்தில் என் க்ளோசருக்கு அந்த வேலை போய்விட்டது. நான் கழற்றிவிட்டவரை எடுத்துக்கொண்ட நண்பன் கோப்பையைத் தூக்கினான். (கோப்பை என்பது ஒரு டீ டம்ளர்தான், இருந்தாலும் வலிக்காதா? :-))

அந்த வலியில்தான் இந்த 'சேவ்' எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் அது ஃபேண்டஸி விளையாட்டைவிடப் பெரிய கதை. நல்ல எண்ணத்தோடு ஒருவர் உருவாக்கிய ஓர் எண், பிறகு ஆட்டத்தையே தன் இஷ்டத்துக்கு வளைத்த கதை.

சரி, பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட். ஆட்டத்தை ஆரம்பிக்கும் பந்துவீச்சாளர் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் வருபவர்கள் ரிலீவர்கள். முன்னணியில் இருக்கும்போது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர் க்ளோசர். நம் ஊர் டெத் ஓவர் பந்துவீச்சாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், பேஸ்பாலில் வெளியே போனவர் திரும்ப வரமுடியாது.

1959: ஒரு பத்திரிகைக்காரரின் கோபம்

அந்த வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்று முடித்தார். கேட்பதற்கு அபாரம். ஆனால் சிகாகோவில் பேஸ்பால் எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற செய்தியாளருக்கு இது உறுத்தியது.

காரணம், 'வெற்றி' கணக்கிடும் முறை. தன் அணி இறுதிவரை கைவிடாத முன்னணியைப் பெறும் நேரத்தில் யார் பந்துவீச்சாளராக இருக்கிறாரோ, பொதுவாக அவருக்குத்தான் வெற்றி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிலீவர் முன்னணியோடு உள்ளே வருகிறார். ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமன் ஆக்கிவிடுகிறார். அடுத்து அவருடைய அணி மட்டையாளர்கள் ரன் எடுத்து ஜெயித்துவிடுகிறார்கள். வெற்றி யாருக்கு? சொதப்பிய அதே ரிலீவருக்கு! ஃபேஸின் வெற்றிகளில் பல இப்படி வந்தவை என்பது ஹோல்ட்ஸ்மனின் வாதம். அதே நேரத்தில் சிகாகோ கப்ஸ் அணியில் டான் எல்ஸ்டன், பில் ஹென்றி என்ற இருவர் முன்னணியைச் சொதப்பாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கணக்கில் எதுவும் ஏறவில்லை.

இதற்கு மருந்தாக ஹோல்ட்ஸ்மன் உருவாக்கியதுதான் சேவ். 1960 முதல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழ் அதை வெளியிட ஆரம்பித்தது. 1969-ல் மேஜர் லீக் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் அதிகாரபூர்வ சேவை எடுத்தவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பில் சிங்கர். அவர் ரிலீவரே இல்லை, ஸ்டார்ட்டர். அன்று கடைசி மூன்று இன்னிங்ஸ் வீசினார். அதே வருடம் 20 ஆட்டங்களில் வெற்றியும் பெற்றார்.

விதியின் ஓட்டைகள்

விதி இரண்டு முறை திருத்தப்பட்டு 1975-ல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஜெயித்த அணிக்காக ஆட்டத்தை முடித்தவராக இருக்கவேண்டும், ஆனால் அந்த 'வெற்றி'யைப் பெற்றவராக இருக்கக்கூடாது. கூடவே இந்த மூன்றில் ஒன்று வேண்டும்: மூன்று ரன்னுக்கு மிகாத முன்னணியோடு வந்து ஓர் இன்னிங்ஸாவது வீசவேண்டும், அல்லது சமன் செய்யக்கூடிய ரன் பேஸிலோ, மட்டையோடோ, அடுத்த மட்டையாளராகக் காத்துக்கொண்டோ இருக்கும்போது வரவேண்டும், அல்லது எவ்வளவு முன்னணி இருந்தாலும் மூன்று இன்னிங்ஸ் ஒழுங்காக வீசவேண்டும்.

கடைசி நிபந்தனையின் கூத்தைப் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 22 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி பால்டிமோரை 30-3 என்று துவைத்து எடுத்தது. அந்த ஆட்டத்தில் வெஸ் லிட்டில்டன் 14-3 என்ற நிலையில் வந்து கடைசி மூன்று இன்னிங்ஸ் வீசினார். அவருக்கு ஒரு சேவ்! 27 ரன் வித்தியாசத்தில் எதைக் 'காப்பாற்றினார்' என்று கேட்கக்கூடாது.

இது சிரித்துவிட்டுப் போகவேண்டிய ஓட்டை. முதல் நிபந்தனைதான் நிஜமான ஓட்டை. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னணியோடு வந்து, இரண்டு ரன் கொடுத்து முடித்தாலும் ஒரு சேவ். ஏழாவது இன்னிங்ஸில் ஒரே ரன் முன்னணி, மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள், யாரும் அவுட் இல்லை என்ற நிலையில் வந்து மூவரையும் வீழ்த்தியவருக்கு சேவ் இல்லை. 1986-ல் இவர்களுக்காக 'ஹோல்டு' என்று ஓர் எண் வந்தது. ஆனால் சேவுக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை.

வேலையை மாற்றிய எண்

1970-களின் ரிலீவர்கள் வேறு இனம். 1974-ல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். சை யங் விருது பெற்ற முதல் ரிலீவர் அவர்தான். சேவ் எத்தனை? வெறும் 21. 1978-ல் கூஸ் காஸேஜ் 134 இன்னிங்ஸ் வீசி 27 சேவ் எடுத்தார். இவர்களை 'தீயணைப்பு வீரர்' என்பார்கள். எங்கே தீப்பிடித்ததோ அங்கே அனுப்புவார்கள், அது ஏழாவது இன்னிங்ஸாக இருந்தாலும் சரி.

1980-களின் பிற்பகுதியில் இது மாறியது. அப்போது ஓக்லேண்டில் இருந்த அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளர் டோனி லா ருஸா, முன்னாள் ஸ்டார்ட்டரான டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். 1990-ல் எக்கர்ஸ்லி வீசியது 73 இன்னிங்ஸ்தான். 48 சேவ், 73 ஸ்ட்ரைக் அவுட், வெறும் 4 வாக். ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) 0.61. 1992-ல் சை யங் விருதும் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் இவருக்கே.

எல்லா அணிகளும் இதைக் காப்பியடித்தன. ஆனால் எல்லோரிடமும் எக்கர்ஸ்லி இல்லையே! விதியில் 'மூன்று ரன், ஓர் இன்னிங்ஸ்' என்று இருந்ததால், மேலாளர்களும் அதையே வேலை விவரமாக எடுத்துக்கொண்டார்கள். செய்ததைக் கணக்கெடுக்க வந்த எண், எதைச் செய்யவேண்டும் என்று உத்தரவு போட ஆரம்பித்தது. இவ்வளவுக்கும் பிறகு பலன்? ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் முன்னணியோடு நுழையும் அணி சுமார் 95 சதவீதம் ஜெயிக்கிறது. க்ளோசர் என்ற பதவி வருவதற்கு முன்பும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஃபேண்டஸி உள்ளே வருகிறது

1980-ல் டேனியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ரொட்டிசெரி லீக்கைத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரே விளையாட்டுக்கும் பெயரானது. பந்துவீச்சுக்கு நான்கு கட்டங்கள்: வெற்றி, ஈ.ஆர்.ஏ., சேவ், அப்புறம் ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை ஹிட், வாக் மூலம் பேஸுக்கு விட்டார் என்ற விகிதம். இன்று எல்லோரும் 'விப்' என்று சொல்வது ஒக்ரென்ட் வகுத்த இந்த விகிதத்தைத்தான். பின்னால் ஸ்ட்ரைக் அவுட் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 162 ஆட்டம், தலா ஒன்பது இன்னிங்ஸ் என்றால் ஒரு வருடத்துக்கு 1458 இன்னிங்ஸ். க்ளோசர் வீசுவது 60 என்றால், அணியின் பந்துவீச்சில் அவர் பங்கு 4 சதவீதம். ஃபேண்டஸியிலோ பந்துவீச்சு மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு சேவ்! நிஜ மதிப்புக்கும் ஃபேண்டஸி மதிப்புக்கும் இவ்வளவு தூரம். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் திறமையை விட்டுவிட்டுப் பதவியை ஏலம் எடுக்கிறோம்.

சேவ் எப்படி ஏமாற்றும்? 2007-ல் அமெரிக்கன் லீக்கில் அதிக சேவ் எடுத்தவர் அப்போதைய கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் அணியின் ஜோ பொரோவ்ஸ்கி. 45 சேவ். ஆனால் அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.07! அதே அணியில் அவருக்கு முன்னால் வீசிய ரஃபேல் பெட்டன்கோர்ட்டின் ஈ.ஆர்.ஏ. 1.47, 80 ஸ்ட்ரைக் அவுட், 9 வாக். அவருக்குக் கிடைத்த சேவ் 3.

அடுத்த வருடம் பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் 62 சேவ் எடுத்து, 1990-ல் பாபி திக்பென் வைத்த 57 என்ற சாதனையை உடைத்தார். அதே 2008-ல் மரியானோ ரிவேராவுக்கு 39 சேவ்தான். ஆனால் இருவருக்கும் ஸ்ட்ரைக் அவுட் சரியாக 77. வாக்? ரோட்ரிகஸ் 34, ரிவேரா 6. யார் மேல் என்று சேவ் எண்ணிக்கை ஒன்று சொல்கிறது, மற்ற எண்கள் வேறொன்று சொல்கின்றன.

எதிர்த்தவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்

2003-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் இதை உடைக்க முயன்றது. ஆலோசகராக பில் ஜேம்ஸ் சேர்ந்திருந்த நேரம். ஒரே க்ளோசர் வேண்டாம், சூழ்நிலைக்கு ஏற்ற ஆள் என்று முடிவெடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே 4-1 என்று முன்னணியில் இருந்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்துத் தோற்றார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அடுத்த வருடம் கீத் ஃபௌல்க் என்ற வழக்கமான க்ளோசரோடுதான் உலகத் தொடரை வென்றார்கள்.

இதற்கு நேர் எதிர்க்கதை 2016 அக்டோபர் 4. பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் அந்த வருடம் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. தோற்றால் வீடு என்ற ஆட்டம், டொரோண்டோவில். 11-ஆவது இன்னிங்ஸில் 2-2. முன்னணி வந்த பிறகு பயன்படுத்தலாம் என்று பிரிட்டனை உட்காரவைத்திருந்தார் மேலாளர் பக் ஷோவால்டர். எட்வின் என்கார்னசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் முடிந்தது. அந்த வருடத்தின் சிறந்த ரிலீவர் ஒரு பந்துகூட வீசவில்லை. வராத சேவுக்காகக் காத்திருந்து ஒரு பருவமே போய்விட்டது. அதே மாதம் கிளீவ்லேண்ட் அணி ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கி உலகத் தொடர்வரை போனது.

இதில் பணமும் இருக்கிறது. நியூயார்க் யாங்கீஸின் டெலின் பெட்டன்சஸ் 2014 முதல் 2016 வரை மூன்று வருடமும் ஆல் ஸ்டார். ஸ்ட்ரைக் அவுட் முறையே 135, 131, 126. 2017 தொடக்கத்தில் 50 லட்சம் டாலர் சம்பளம் கேட்டார். அணி 30 லட்சம் என்றது. நடுவர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் கேட்டது க்ளோசருக்கு உரிய சம்பளம், அவரோ க்ளோசர் இல்லை என்பது அணியின் வாதம். அதுவரை அவருடைய மொத்த சேவ் 22. யோசித்துப் பாருங்கள். எல்ஸ்டனுக்கும் ஹென்றிக்கும் நியாயம் கிடைக்கவேண்டும் என்று பிறந்த எண், அதே மாதிரி ஓர் ஆளின் சம்பளத்தைக் குறைக்கப் பயன்பட்டது.

அப்படியானால் எப்படி எடுப்பது?

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒன்று, முதலில் ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் பாருங்கள். இவை இரண்டும் பந்துவீச்சாளர் கையில் இருப்பவை. அடித்த பந்து ஃபீல்டர் கையில் போகிறதா, இடைவெளியில் போகிறதா என்பதில் அதிர்ஷ்டம் அதிகம்.

இரண்டு, ரிலீவரின் ஈ.ஆர்.ஏ.வை அப்படியே நம்பாதீர்கள். 60 இன்னிங்ஸில் 15 ரன் என்றால் 2.25. ஒரே ஒரு கெட்ட நாளில் இன்னும் ஐந்து ரன் போனால் 3.00. இதே ஐந்து ரன் 180 இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டரை 2.25-லிருந்து 2.50-க்குத்தான் தள்ளும்.

மூன்று, போன வருட சேவுக்குக் காசு கொடுக்காதீர்கள். எட்வின் டியாஸ் 2018-ல் 57 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.96. அணி மாறிய அடுத்த வருடம் 26 சேவ், 5.59. (அவர் மீண்டும் எழுந்து 2022-ல் 1.31-க்கு வந்தது வேறு கதை. அவர் கைத்திறன் எங்கும் போகவில்லை.)

நான்கு, மேலாளரைப் படியுங்கள். 2021-ல் டாம்பா பே ரேஸ் அணியில் 14 வெவ்வேறு பேர் சேவ் எடுத்தார்கள். அப்படிப்பட்ட அணியில் 'க்ளோசர்' என்று ஒருவரை ஏலம் எடுப்பது வீண். மற்ற அணிகளில், தடுமாறும் க்ளோசருக்குப் பின்னால் நிற்கும் நல்ல ரிலீவரைச் சல்லிசாக எடுத்து வையுங்கள். நண்பன் என்னிடம் செய்ததும் அதேதான்.

ஹோல்ட்ஸ்மன் 2008-ல் காலமானார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணில் படாமல் உழைத்தவர்களைக் கண்ணில் படவைக்க ஓர் எண்ணைச் செய்தார். நாம்தான் அந்த எண்ணைப் பார்க்கத் தொடங்கியதும் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். மதிப்பெண் பட்டியலோடு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லையே.

அடுத்த ஏலத்தில் என் முதல் ரிலீவர் சேவ் பூஜ்யம் உள்ள ஒருவர்தான். பெயர் மட்டும் சொல்லமாட்டேன். நண்பன் இதைப் படிப்பான் :-)