வயிற்றுக் கோளாறுகளும் அறிகுறிப் பதிவுச் செயலிகளும்

நாட்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ளவர் தமக்கு வரும் வலி, உப்புசம், நெஞ்செரிச்சல், குமட்டல், மலப்போக்கின் மாற்றம் ஆகியவற்றை அவை தோன்றும் நேரத்திலேயே கைபேசியில் குறித்து வைக்கப் பயன்படும் மென்பொருள் அறிகுறிப் பதிவுச் செயலி எனப்படும். உணவு, மருந்து, உறக்கம், மனஅழுத்தம், மாதவிடாய் ஆகியவற்றையும் பல செயலிகள் உடன் கேட்டு வாங்குகின்றன. ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய், செரியாமை, இரைப்பை அமிலம் மேலேறும் நோய், இரைப்பை மிக மெதுவாகக் காலியாகும் காஸ்ட்ரோபரேசிஸ், குடல் அழற்சி நோய்களான குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகியவற்றில் இவை அதிகம் பயன்படுகின்றன.

இவற்றுள் ஐபிஎஸ் நோய்க்குப் பதிவின் தேவை கூடுதல். அந்த நோயை ஸ்கேனோ எண்டோஸ்கோப்பியோ காட்டிக்கொடுப்பதில்லை. நோயாளி சொல்வதை வைத்தே அது கண்டறியப்படுகிறது. 2016இல் வெளியான ரோம் 4 வரையறையின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். அந்த வலி மலங்கழிப்பதோடு தொடர்புடையதாக இருத்தல், எத்தனை முறை போகிறது என்பது மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் எதிரில் அமர்ந்து மூன்று மாதக் கணக்கை நினைவிலிருந்து சொல்வது யாருக்கும் எளிதல்ல.

வலியைப் பற்றிய நினைவு எப்படிப் பிசகுகிறது என்பதை டொனால்ட் ரெடல்மையரும் டேனியல் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெருங்குடல் உள்நோக்குச் சோதனையின்போது நோயாளிகள் நிமிடத்துக்கு நிமிடம் சொன்ன வலி அளவும், பிறகு நினைவுகூர்ந்து சொன்ன அளவும் ஒப்பிடப்பட்டன. வலியின் உச்சமும் கடைசி நிமிடங்களில் இருந்த வலியுமே நினைவைத் தீர்மானித்தன. சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய கணக்கில் வரவில்லை. மாதத்தில் இரண்டு நாள் கடுமையாக வலித்தவரும் இருபது நாள் மிதமாக வலித்தவரும் மருத்துவரிடம் ஒரே மாதிரி முறையிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நினைவை நம்ப முடியாது என்றால் நோட்டில் எழுதலாமே என்ற கேள்விக்கும் ஒரு விடை உண்டு. ஆர்தர் ஸ்டோன் குழுவினர் நாட்பட்ட வலி உள்ள 80 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பிரிவினருக்குக் காகித நாட்குறிப்பும் மற்றவர்களுக்கு மின்னணுக் கருவியும் தரப்பட்டன. காகித நாட்குறிப்பின் அட்டைக்குள், அது எப்போது திறக்கப்படுகிறது என்பதைக் கண்டுகொள்ளும் ஒளியுணரி பொருத்தப்பட்டிருந்தது. குறித்த வேளையில் எழுதியதாக நோயாளிகள் காட்டிய கணக்கு 90 விழுக்காடு. உண்மையில் அப்படி எழுதப்பட்டவை 11 விழுக்காடுதான். எஞ்சியவை வேறு நேரங்களில் நிரப்பப்பட்டவை. மின்னணுக் கருவியில் இந்த அளவு 94 விழுக்காடாக இருந்தது. கைபேசிச் செயலியின் உண்மையான ஆதாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வண்ண வரைபடங்களும் பாராட்டுப் பதக்கங்களும் இரண்டாம்பட்சம். நேர முத்திரையைத் திருத்தி, பழைய நாள்களை வசதிக்கு நிரப்பிக்கொள்ள விடும் செயலி இந்த ஆதாயத்தைப் பாதி இழந்துவிடுகிறது.

பதிவில் வலிக்கு 0 முதல் 10 வரையான எண் வழங்கப்படுவது வழக்கம். மலத்தின் தன்மைக்கு, பெரும்பாலான செயலிகள் பிரிஸ்டல் அளவுகோலைப் படங்களாகத் தருகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் உருவான இந்த அளவுகோலை ஸ்டீபன் லூயிஸும் கென் ஹீட்டனும் 1997இல் வெளியிட்டனர். தனித்தனி உருண்டைகளாக இறுகிப் போவது முதல் வகை. முழுக்கத் தண்ணீராகப் போவது ஏழாம் வகை. 1, 2 மலச்சிக்கலையும், 3, 4 இயல்பையும், 6, 7 வயிற்றுப்போக்கையும் குறிக்கும். 5 நடுவில் நிற்கும். கழிவு பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதை இந்த வடிவம் ஓரளவு காட்டும். ஐபிஎஸ் நோயில் மலச்சிக்கல் வகை எது, வயிற்றுப்போக்கு வகை எது என்று பிரிப்பதும் இதை வைத்தே. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றை ஒரு படத்தைத் தொட்டுத் தெரிவிக்க முடிவது சிறிய வசதியல்ல.

உணவுப் பதிவுதான் இருப்பதிலேயே சிக்கலானது. சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் வயிறு கலக்கினால் அந்தச் சாப்பாட்டின் மீதே பழி விழும். ஆனால் இரைப்பை நிறையத் தொடங்கியதும் பெருங்குடல் சுருங்குவது உடலின் இயல்பான எதிர்வினை. எதைத் தின்றாலும் அது நடக்கும். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அது மிகையாக நடக்கிறது. திட உணவு இரைப்பையை விட்டு இறங்கவே ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். பெருங்குடலைக் கடக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே மாலை உப்புசத்துக்குக் காரணம் காலைச் சிற்றுண்டியாகவும் இருக்கலாம், முந்தைய இரவு உணவாகவும் இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்டதோடு அறிகுறியை இணைத்து ‘உங்களுக்கு ஆகாத உணவுகள்’ என்று பட்டியல் நீட்டும் செயலிகளின் முடிவு ஊகத்துக்கு மேல் போகாது.

இதற்கு ஒழுங்கான வழி, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் முதலியோர் வளர்த்தெடுத்த ஃபாட்மேப் உணவுமுறை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவை உண்டாக்கும் சிலவகைக் கார்போஹைட்ரேட்டுகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர். அவற்றை 2 முதல் 6 வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். மோனாஷ் தன் செயலியை 2012இல் வெளியிட்டது. ஆய்வகத்தில் அளந்த உணவுகளுக்கு அது சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டுகிறது, நாட்குறிப்பும் வைத்திருக்கிறது. திரும்பச் சேர்க்கும் கட்டத்தில் நேரத்தோடு எழுதிய பதிவு இல்லாவிட்டால் இந்த முறையே பயனற்றுப் போகும்.

தமிழ்ச் சமையலுக்கு இவற்றைப் பொருத்துவதில் தனித் தொல்லைகள் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, துவரம் பருப்பு மூன்றுமே ஃபாட்மேப் மிகுந்தவை. மூன்றும் ஒரே சாம்பாரில் சேர்கின்றன. ‘சாம்பார், ஒரு கிண்ணம்’ என்ற பதிவால் எதையும் பிரித்தறிய முடியாது. சேர்ந்த பொருள்களைத் தனித்தனியே குறித்தால்தான் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்பதால், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் அதையும் எழுத வேண்டியிருக்கிறது. பூண்டிலுள்ள ஃப்ரக்டான் என்ற ஃபாட்மேப் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டை வதக்கிப் பூண்டை எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும்.

குடல் அழற்சி நோய்களில் பதிவு செயலிகளுக்கு முந்தியது. குரோன் நோயின் தீவிரத்தை அளக்க 1976இல் அமெரிக்காவில் உருவான குறியீடே நோயாளி 7 நாள் எழுதும் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. நெதர்லாந்தின் நான்கு மருத்துவமனைகளில் 909 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட மைஐபிடிகோச் என்ற தொலைமருத்துவ ஏற்பாட்டின் முடிவுகள் 2017இல் லான்செட் இதழில் வந்தன. ஓராண்டில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் சராசரியாக 2.34 முறை புறநோயாளியாக வந்தார்கள்; இதைப் பயன்படுத்தியவர்கள் 1.55 முறை வந்தார்கள். மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது. ஆனால் இங்கே மறுமுனையில் செவிலியர் ஒருவர் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத பதிவுக்கு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மேலும், அழற்சி நோயில் அறிகுறி தணிந்த பிறகும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம். அதனால் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் வீட்டிலேயே சோதித்துக் கைபேசிக் கேமராவால் அளவைப் படிக்கும் சோதனைப் பெட்டிகள் ஐரோப்பாவில் பதிவோடு சேர்ந்துள்ளன.

இரைப்பைக்கே உரிய சோதனை ஒன்று நியூசிலாந்திலிருந்து வந்திருக்கிறது. ஆக்லாந்தில் உருவான காஸ்ட்ரிக் அலிமெட்ரியில், வயிற்றின் மேல் ஒட்டிய மின்முனைகள் நான்கரை மணி நேரம் இரைப்பையின் மின்னலைகளைப் பதிகின்றன. அதே நேரத்தில் நோயாளி தன் குமட்டலையும் வலியையும் செயலியில் குறிக்கிறார். அலை பிசகிய நேரமும் தொல்லை எழுந்த நேரமும் பொருந்துகின்றனவா என்று பிறகு பார்க்கப்படுகிறது.

பதிவோடு நில்லாமல் சிகிச்சையே தரும் செயலிகளும் உண்டு. குடலை மையமாகக் கொண்ட மனோவசியப் பயிற்சி தரும் ரெகுலோராவுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் ஒப்புதல் அளித்தது. ஜெர்மனியில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மருத்துவர் எழுதித் தரும் செயலிகளுக்கு மருத்துவக் காப்பீடு பணம் கட்டுகிறது. ஐபிஎஸ் நோய்க்கான காரா கேர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

பதிவே சிலருக்குத் தொல்லையாகவும் மாறுகிறது. ஐபிஎஸ் நோயில் மூளைக்கும் குடலுக்கும் இடையிலான தொடர்பு கூர்மைப்பட்டிருக்கிறது. மணிக்கொரு முறை ‘இப்போது வலிக்கிறதா?’ என்று கேட்கும் அறிவிப்பு, கவனிக்காமல் போயிருக்கக்கூடிய உறுத்தலையும் கவனிக்க வைக்கும். சந்தேகப்பட்ட உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கி, நான்கைந்து பண்டங்களிலேயே வாழ்வோரும் உண்டு. உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்களுக்கு உணவுப் பதிவைத் தராமல் இருப்பதே நல்லது. மற்றவர்களுக்கும் ஒரு கேள்விக்கு விடை காண 2 முதல் 4 வாரப் பதிவு பெரும்பாலும் போதுமானது. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவை எழுதிக்கொண்டு காத்திருக்கத் தக்கவை அல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

பதிவான தகவல் யாரிடம் போகிறது என்பது தனிப் பிரச்சினை. மருத்துவமனைக் கோப்புக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, பயனர் தானாக நிறுவிய செயலிக்கு அமெரிக்காவில் பொதுவாக இல்லை. மாதவிடாய்ப் பதிவுச் செயலியான ஃப்ளோ, பயனர்களின் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2021இல் அது உடன்பாட்டில் முடிந்தது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. கழிப்பறையில் எடுத்த படத்தைக் கொண்டு மலத்தை வகைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டதால், படம் கைபேசியிலேயே ஆராயப்படுகிறதா, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பப்படுகிறதா என்பதும் நிறுவுமுன் பார்க்க வேண்டியவற்றுள் சேர்ந்திருக்கிறது.