கூடிப் பேசிய களங்கள்: தமிழ்க் கணிமைச் சந்திப்புகளின் வரலாறும் மனுரேவாவிலிருந்து எழும் வினாவும்

முன்னுரை

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கூடியது. யார் வந்தனர், எதைப் படித்தனர், எதை மறுத்தனர் என்பதை அதன் தொகுதிகளைக் கொண்டு இன்றும் அறியலாம். முப்பது ஆண்டுகள் கழித்துத் தமிழுலகில் மற்றொரு வகைக் கூட்டமரபு தோன்றியது. கணினியில் தமிழை எவ்வாறு எழுதுவது, சேமிப்பது, அனுப்புவது என்று முடிவு செய்வதற்காக நிரலாளர்களும் எழுத்துரு வடிவமைப்பாளர்களும் தமிழாசிரியர்களும் அரசு அலுவலர்களும் ஓரிடத்தில் கூடத் தொடங்கினர். இம்மரபு பெரும்பாலும் மென்பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனைக் கூட்டங்களின் வரலாறாக அணுகுகிறது. எந்தக் கூட்டம் எப்போது கூடியது, அது எடுத்த முடிவு நிலைத்ததா, நிலைக்காவிடில் ஏன் என்பவை இங்கு ஆராயப்படுகின்றன.

நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரின் தென்புறத்தில் உள்ள மனுரேவாவிலிருந்து இவ்வாய்வு எழுதப்படுகிறது. தமிழ்க் கணிமையின் பெருநகரங்கள் யாவற்றினின்றும் தொலைவில் உள்ள இவ்விடத்தில் வாழும் தமிழ் நிரலாளர், தம்மூரில் நடைபெறும் தொழில்நுட்பச் சந்திப்புகளில் கலந்துகொள்வதற்கும் தமிழின் எதிர்காலத்திற்கும் தொடர்பு உண்டா என்பதே இக்கட்டுரையை எழுப்பிய வினா.

1. கூடுவதற்கு முன்: தனித்தனி முயற்சிகள்

1980-களில் தமிழைக் கணினித் திரையில் கொண்டுவந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே உழைத்தனர். கனடாவில் கு. சீனிவாசன் 1984-இல் 'ஆதமி' என்னும் செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' செயலியை வளர்த்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பை உருவாக்கினார்.

ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளைத் தமக்கு உகந்த எண்ணிடங்களில் வைத்தனர். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் போக எஞ்சிய சற்றேறக்குறைய 128 இடங்களுக்குள் தமிழின் வரிவடிவங்களை அடக்க வேண்டியிருந்தது. எதை எங்கே வைப்பது என்பதற்குப் பொது விதி இல்லை. ஆகவே ஓர் எழுத்துருவில் எழுதிய மடல் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. மொழி ஒன்றாயினும் படிப்பவர் அனுப்பியவரின் எழுத்துருவையும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் தமிழர் இல்லாத இடங்களில் இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. இந்திய எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் அமைக்கும் 'இஸ்கி' தரம் 1988-இல் வகுக்கப்பட்டது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பு அச்சட்டகத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை ஒதுக்கியது. பிற இந்திய மொழிகளில் உள்ள வல்லின வேறுபாடுகளுக்கான இடங்கள் தமிழ்க் கட்டத்தில் வெற்றிடங்களாக நின்றன. தமிழிலக்கணம் அடிப்படையாகக் கொள்ளும் மெய்யெழுத்தோ, அகரமேறிய உயிர்மெய்யின் மேல் புள்ளி சேர்ந்த இரு குறிகளாயிற்று. 'க' ஒரு குறி, 'க்' இரு குறி என்னும் இந்நிலை பின்னாளில் நீண்ட விவாதத்திற்கு வித்திட்டது.

1996-இல் யூனிகோடின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அப்பதிப்பு முதல், ஒருமுறை இடம் பெற்ற எழுத்து இடம் மாற்றப்படாது, நீக்கப்படாது என்பது யூனிகோடின் உறுதிமொழி. இந்த ஆண்டை நினைவிற் கொள்வது அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

2. சிங்கப்பூர் 1997, சென்னை 1999

1997-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'தமிழ்நெட் 97' கூடியது. நா. கோவிந்தசாமி அதனை முன்னின்று நடத்தினார். தனித்தனியே உழைத்தவர்கள் பலர் இங்கு முதன்முறையாக நேருக்கு நேர் அமர்ந்தனர். பொதுக் குறியேற்றம் வேண்டும் என்பதில் கருத்தொற்றுமை இருந்தது. ஆயினும் யூனிகோடின் கதவு அடைபட்டு ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிட்டிருந்தது. தமிழர்கள் தமிழ் எழுத்துகளின் இடவைப்பைப் பற்றி உலகளாவிய முறையில் கூடிப் பேசத் தொடங்கியது, அவ்விடவைப்பு மாற்றவியலாததாகிய பின்னர்தான்.

சிங்கப்பூர்ச் சந்திப்பின் தொடர்ச்சி மின்னஞ்சலில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை 1995-இல் தொடங்கிய 'தமிழ்.நெட்' மடற்குழு, நாடு கடந்த தமிழரை நாள்தோறும் உரையாடச் செய்தது. அச்சூழலில் கூடிய தன்னார்வலர்கள் 'திஸ்கி' என்னும் எட்டுத் துண்டுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அத்தரத்தில் மின்பதிப்பாக்கியது.

1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாட்டை நடத்தியது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதன் பணிகளை வழிநடத்தினார். மாநாட்டின் விளைவாக இரு தரங்கள் பிறந்தன. ஒன்று 'தமிழ் 99' விசைப்பலகை. மற்றொன்று, தமிழ் மட்டும் கொண்ட 'டாம்', தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்' என்னும் இரு குறியேற்றங்கள்.

இவ்விரண்டின் பின்வரலாறு ஒன்றுக்கொன்று மாறுபட்டது. விசைப்பலகை கால் நூற்றாண்டு கடந்து இன்று கைப்பேசிகளிலும் வாழ்கிறது. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம் என்னும் ஒழுங்கும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும் வசதியும் அதனை நிலைக்கச் செய்தன. குறியேற்றங்களோ, மாநாடு முடிந்து ஏறத்தாழ ஓராண்டில் வேறொரு போட்டியைச் சந்தித்தன. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் யூனிகோடுத் தமிழைத் தன்னகத்தே கொண்டு வந்தது. அதன்பின் எட்டுத் துண்டுத் தரங்கள் படிப்படியாகப் பின்வாங்கின.

விசைப்பலகை, பயன்படுத்துவோர் கையில் முடிவாகும் பொருள். அதனைப் பயன்படுத்துவோர் பலரும் மாநாட்டில் இருந்தனர். குறியேற்றமோ இயங்குதளம் செய்வோரும் பன்னாட்டுத் தரக்குழுவும் முடிவு செய்யும் பொருள். அவர்கள் கூடும் அறைகளில் அன்று தமிழர் அமர்ந்திருக்கவில்லை. ஒரு மாநாடு தன் முடிவைச் செயற்படுத்த வல்லவர்களைத் தன்னுள் கொண்டிருக்கும் அளவிற்கே அம்முடிவு நிலைக்கும் என்பதை 1999-இன் இரு விளைவுகளும் காட்டுகின்றன.

3. உத்தமமும் நகரந்தோறும் மாநாடும்

இவ்வுண்மையை உணர்ந்ததன் பயனே, 2000 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் என்னும் உத்தமம். அதன்பின் மாநாடுகள் கோலாலம்பூர் (2001), சான் பிரான்சிஸ்கோ (2002), சென்னை (2003), சிங்கப்பூர் (2004), கொலோன் (2009), கோவை (2010), பிலடெல்பியா (2011), சிதம்பரம் (2012) எனத் தொடர்ந்து, 2017-இல் டொராண்டோவையும் 2019-இல் மீண்டும் சென்னையையும் அடைந்தன. 2019 வரை மாநாடு நடந்த இடங்களில் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஒன்றும் இல்லை. மடற்குழு சிட்னியில் பிறந்திருந்தும் மாநாடு தென்கோளத்திற்கு வரவில்லை.

உத்தமமும் தமிழ்நாடு அரசும் யூனிகோடு கூட்டமைப்பில் இடம் பெற்ற பின்னர் நிலைமை மாறியது. தமிழில் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு முதலியவற்றிற்கு வழங்கும் குறியீடுகள் 2003-இல் யூனிகோடில் ஏறின. தமிழ்ச் சுழியம் 2005-இல் சேர்ந்தது. பின்ன எண்களும் பழைய அளவைக் குறியீடுகளுமாக 51 குறிகள் 2019-இல் தனிக் கட்டமாகச் சேர்க்கப்பட்டன. இருக்கும் இடவைப்பை மாற்ற இயலாதெனினும் விடுபட்டதைச் சேர்க்க இயன்றது. கூட்டத்திற்குள் இருந்ததால் கிடைத்தவை இவை.

மாற்ற இயலாததைப் பற்றிய மனக்குறை 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது மற்றொரு வடிவம் கொண்டது. எல்லா உயிர்மெய்களுக்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' குறியேற்றத்தையும் யூனிகோடையும் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு தரங்களாக ஏற்றது. அச்சுத்துறையில் முன்னதற்குப் பயன் உண்டு. ஆயினும் இணையமும் கைப்பேசியும் யூனிகோடு வழியே சென்றன. 1999-இன் பாடம் பதினோராண்டுகளுக்குப் பின் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது.

4. மாதக் கூட்டங்களும் வாரக் கூட்டங்களும்

மாநாடுகளுக்கு அருகே, அவற்றின் நிழல் படாமல், மற்றொரு மரபும் வளர்ந்தது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடிவந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியது. விழுப்புரத்திலும் அத்தகைய குழு அமைந்து கிராமப்புற மாணவரிடையே பணி செய்தது. இக்கூட்டங்களுக்கு நுழைவுக் கட்டணமில்லை, மேடையில்லை, பொன்னாடையில்லை. ஒருவர் தாம் கற்றதை ஒரு மணி நேரம் சொல்வார். மற்றவர் வினவுவர். புதியவரின் மடிக்கணினியில் ஒருவர் இயங்குதளத்தை நிறுவித் தருவார். தமிழில் தட்டச்சு செய்ய இயலாதவருக்கு அன்றே அது கைவரும்.

மாநாடு தரத்தை அறிவிக்கும். அத்தரம் ஒருவர் கணினியில் இயங்குவதற்கு யாரேனும் நிரல் எழுதவும், பிழை கண்டு அறிவிக்கவும், பட்டிகளின் சொற்களைத் தமிழாக்கவும் வேண்டும். இப்பணிகளுக்கு ஆட்களைத் தந்தவை இவ்வகைச் சிறு கூட்டங்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதுவோரை இச்சூழலிலிருந்தே திரட்டியது. 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கடற்கரை வளாகத்தில் நடந்த தமிழ் வலைப்பதிவர் பட்டறையும், 2013-இல் சென்னையில் தமிழ் விக்கிப்பீடியாவின் பத்தாண்டு நிறைவையொட்டி நடந்த கூடலும் இம்மரபைச் சேர்ந்தவை. திரையில் புனைபெயராக மட்டும் அறிந்தவரை ஒருமுறை நேரில் கண்டபின், அவர் திருத்தத்தைச் சினமின்றி ஏற்பது எளிதாகிறது.

பெருமாநாடுகளுக்குத் தொகுதிகள் உண்டு. சிறு கூட்டங்களுக்கு எஞ்சுவன ஒரு மடற்குழு அறிவிப்பும் சில படங்களும். எந்த நாளில் யார் எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழாக்கத்தை வாதிட்டனர் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அறிவிப்பைத் தாங்கிய இணையதளம் மறைந்தால் கூட்டம் நடந்ததற்கே சான்றில்லாமற் போகும். கணினித் தமிழின் சொற்களஞ்சியம் உருவான வரலாற்றை எழுத முனையும் எதிர்கால ஆய்வாளர் இழக்கப்போவது இந்த அடுக்கைத்தான்.

5. ஆக்லாந்தின் தெற்கே

மனுரேவா என்னும் மாவோரிப் பெயர், நூலறுந்து மிதந்து சென்ற ஒரு பட்டத்தைக் குறிப்பது. இப்பெயரின் மொழி, தமிழைப் போலவே கணினியுடன் போராடியது. மாவோரியில் நெடில் உயிர் பொருளை வேறுபடுத்தும். அதனை உயிரெழுத்தின் மேல் கோடிட்டுக் காட்டுவது பொதுவழக்கு. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான எட்டுத் துண்டுத் தரத்தில் அக்கோடிட்ட எழுத்துகளுக்கு இடமில்லை. ஆகவே ஜெர்மானிய மொழியின் இருபுள்ளி உயிரெழுத்துகளின் இடத்தில் கோடிட்ட வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தனர். வேறு கணினியில் திறந்தால் கோடு மறைந்து புள்ளிகள் தோன்றும். 'மயிலை'யும் 'முரசு'ம் அறிந்த தமிழருக்கு இது பழகிய துன்பம். வைக்காட்டோ மரபினர் கோட்டிற்கு மாறாக உயிரெழுத்தையே இரட்டித்து எழுதுவர். மனுரேவா அமைந்த தெற்கு ஆக்லாந்திலும் அவ்வழக்கைக் காணலாம்.

அண்மைக்கால மாவோரி அனுபவம் தமிழருக்கு வேறொரு பாடம் தருகிறது. நாட்டின் வடகோடியில் கைத்தாயா ஊரிலுள்ள தே ஹிக்கு என்னும் இனக்குழு ஒலிபரப்பு நிறுவனம், 2018-இல் மக்களை அழைத்துத் தம் மொழியின் வாக்கியங்களைப் படிக்கச் செய்தது. பத்து நாள்களில் ஏறத்தாழ 300 மணி நேர ஒலிப்பதிவு சேர்ந்தது. அதனைக் கொண்டு பேச்சறி கருவி உருவாயிற்று. தரவின் காப்புரிமை எவருக்கு என்னும் வினாவை அவர்கள் பின்னர் எழுப்பவில்லை, முன்னரே தீர்த்தனர். காப்பாளர் பொறுப்பு என்னும் மாவோரிக் கருத்தின் அடிப்படையில் ஓர் உரிமத்தை வகுத்து, தரவைத் தம்மிடமே வைத்தனர். 1988-க்கும் 1996-க்கும் இடையே தமிழர் தவறவிட்ட காலத்தை அவர்கள் தவறவிடவில்லை.

தென்கோளத்தில் கூடும் களங்களுக்குக் குறைவில்லை. ஆஸ்திரேலிய லினக்ஸ் மாநாடு கடல் கடந்து 2006-இல் டனீடினிலும் 2010-இல் வெலிங்டனிலும் 2019-இல் கிறைஸ்ட்சர்ச்சிலும் நடந்தது. பைத்தான் மொழி நிரலாளர்களின் நியூசிலாந்து மாநாடு 2009-இல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கியது. இத்தகைய களங்களில் தமிழ் நிரலாளர் தம் தொழிலின் பொருட்டே அமர்கின்றனர். அங்கே பேச்சறிதல், மொழிபெயர்ப்பு, மொழிமாதிரிகள் ஆகியவை விவாதிக்கப்படும்போது தமிழின் பொருட்டும் ஒரு வினா எழுப்புவதற்கு அவர்களுக்குத் தனி அழைப்புத் தேவையில்லை. யூனிகோடு வகுக்கப்பட்ட காலத்தில் நமக்கு வாய்க்காத இருக்கை அது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கூட்டத்தின் அளவைவிடக் காலமும் இடமும் முதன்மையானவை. 1991-க்கு முன் தரக்குழுவில் சில தமிழர் இருந்திருப்பின், பின்வந்த பெருமாநாடுகளின் பாதி விவாதம் தேவைப்பட்டிராது. இரண்டாவது, தமிழர் தமக்குள் கூடுவதும் பிறர் கூடும் அவைக்குச் செல்வதும் வெவ்வேறு பணிகள். விசைப்பலகை முன்னதால் வென்றது. எண்களும் குறியீடுகளும் பின்னதால் ஏறின. மூன்றாவது, சிறு கூட்டங்களைப் பதிவு செய்யாவிடில் வரலாற்றின் பெரும்பகுதி அழியும்.

ஆகவே இரு பரிந்துரைகள் இவ்வவையின் முன் வைக்கப்படுகின்றன. ஆய்வு நூலகங்கள் மாநாட்டுத் தொகுதிகளுடன் பயனர் குழுக்களின் அறிவிப்புகள், மடற்குழுக் காப்பகங்கள், சொல்லாக்க விவாதங்கள் ஆகியவற்றையும் தேதியிட்டுச் சேகரித்தல் வேண்டும். புலம்பெயர் தமிழ் நிரலாளர், பத்துப்பேர் மட்டுமே கூடினாலும், தம் வட்டாரச் சந்திப்பின் நாள், பொருள், முடிவு ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். மனுரேவாவில் ஒரு நூலக அறையில் இதனைத் தொடங்க ஒரு மேசையும் ஒரு குறிப்பேடும் போதும்.