பிலாய்டஸ்

மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத அபூர்வ வகை. ‘பில்லோன்’ என்றால் கிரேக்கத்தில் இலை. வெட்டிய கட்டியின் உட்புறம் இலை இலையாக மடிந்திருந்ததால், ஜெர்மானிய மருத்துவ அறிஞர் யோஹானஸ் முல்லர் 1838இல் ‘சிஸ்டோசார்க்கோமா பிலாய்டஸ்’ என்று பெயர் வைத்தார். முன்பாதி வீண் மிரட்டல்: சார்க்கோமா புற்றைக் குறிக்கும், இக்கட்டிகளில் பெரும்பாலானவையோ சாது. உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் அதை உதறிவிட்டது.

ஸ்கேனிலும் மேமோகிராமிலும் ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரண, தீங்கற்ற கட்டி போலவே வேஷம் கட்டும். விறுவிறுவென்று வளர்ந்தால்தான் சந்தேகம் வரும். ஊசியால் துணுக்கெடுக்கும் பயாப்சிகூடச் சில நேரம் ஏமாந்துபோகும்; முழுக் கட்டியையும் அகற்றி நுண்ணோக்கியில் பார்த்த பிறகே வகை உறுதியாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையால், ‘அடையாறு போயிருக்கிறார்’ என்றாலே முகம் மாறும் ஊர் சென்னை. ஆனாலும் ரிப்போர்ட்டில் பிலாய்டஸ் என்று கண்டதும் பதற வேண்டாம். பக்கத்தில் பினைனா (சாது), பார்டர்லைனா (இடைநிலை), மாலிக்னன்டா (புற்று) என்று பார்க்க வேண்டும்.