ஒளியைப் பின்தொடரும் கம்ப்யூட்டர்: கிராபிக்ஸ் காட்சிகள் நிஜம்போல் தெரிவது எப்படி?

வெள்ளைச் சுவரை ஒட்டி ஒரு சிவப்புச் சேலையைக் காயப்போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் சுவரிலும் லேசாகச் சிவப்பு ஏறியிருக்கும். சேலையில் பட்ட வெளிச்சம் சிவப்பாகத் திரும்பி சுவரில் விழுவதுதான் காரணம்.

நிஜத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் உருவாக்கிய காட்சியில் இந்தச் சின்ன விஷயம் இல்லாமல் போனால், 'ஏதோ பொம்மை மாதிரி இருக்கே' என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த தொழில்நுட்பம்தான் ரே டிரேஸிங். அதன் முழுமையான வடிவம் பாத் டிரேஸிங். இன்றைய அனிமேஷன் படங்கள், வீடியோ கேம்கள், கட்டட வடிவமைப்பு என எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

ரே டிரேஸிங் என்றால் என்ன?

விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி சுவர், தரை, மேசை எனப் பல இடங்களில் பட்டுத் தெறித்துத்தான் கண்ணுக்கு வருகிறது. கண்ணாடியில் பட்டால் நேராகத் திரும்பும். தண்ணீருக்குள் நுழைந்தால் வளையும். சுவரில் பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும்.

இதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பதுதான் ரே டிரேஸிங். ஆனால் ஒரு வித்தியாசம். விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் மிக மிகச் சில மட்டுமே கேமராவுக்குள் வரும். மற்றதை எல்லாம் தொடர்ந்து போனால் உழைப்பு வீண்தான்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கேமராவிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் படுகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, கடைசியில் விளக்கைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒளி போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றே என்பதால் விடை மாறாது.

ஒரு படத்துக்கு 74 நிமிடம்

1968-ல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஏப்பல், கதிர்களை அனுப்பி நிழல்களைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் பெல் லேப்ஸில் இருந்த டர்னர் விட்டெட். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1980-ல் வெளியானது.

சிவப்பும் மஞ்சளுமான கட்டம் போட்ட தரை. அதன் மேல் இரண்டு பந்துகள். ஒன்று கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது, இன்னொன்று பளபளவென்று பிரதிபலிப்பது. இந்த ஒரே ஒரு படத்தை உருவாக்க, அன்றைய வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு 74 நிமிடம் ஆனது.

படம் பிரமிக்க வைத்தது. ஆனாலும் நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தன. ஒரு பொருளின் நிறம் பக்கத்துப் பொருளில் படிவதும் அதில் இல்லை.

1986-ல் வந்த சமன்பாடு

அந்த இடைவெளியை நிரப்பியவர் கால்டெக் கல்வி நிறுவனத்தின் ஜேம்ஸ் கஜியா. 'ரெண்டரிங் ஈக்வேஷன்' என்ற சமன்பாட்டை அவர் 1986-ல் முன்வைத்தார்.

எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஒரு இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம் என்பது, அந்த இடமே வெளியிடும் ஒளியும், சுற்றிலும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்தது.

சிக்கல் இரண்டாவது பாதியில் இருக்கிறது. 'வந்து படும் ஒளி' எவ்வளவு என்று தெரிய, அது கிளம்பிய இடத்துக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். அதற்கு முந்தைய இடத்துக்கும் அப்படியே. முடிவே இல்லாத சங்கிலி இது.

கஜியா சொன்ன வழி, எல்லாத் திசைகளையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு தெறிப்பிலும் ஏதோ ஒரு திசையைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது. இப்படிப் பல பாதைகளைப் பின்தொடர்ந்து சராசரி எடுத்தால் சரியான விடையை நெருங்கலாம். இதுதான் பாத் டிரேஸிங். 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் உருவான 'மான்டே கார்லோ' கணக்கு முறையே இதற்கும் அடிப்படை.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஏன்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் இங்கே ஒரு சோறு போதாது. ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பாதையை மட்டும் பார்த்தால், அது விளக்கைத் தொடலாம், தொடாமலும் போகலாம். பக்கத்துப் பிக்சலுக்கு வேறு விதி. விளைவு, படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள். இதை 'நாய்ஸ்' என்கிறார்கள்.

பாதைகளைக் கூட்டினால் புள்ளிகள் குறையும், ஆனால் மெதுவாகத்தான். புள்ளிகள் பாதியாகக் குறைய 4 மடங்கு பாதைகள் வேண்டும். பத்தில் ஒரு பங்காகக் குறைய 100 மடங்கு வேண்டும்.

ஃபுல் ஹெச்டி படம் ஒன்றில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கும். பிக்சலுக்கு 1,000 பாதை என்றால் ஒரு ஃபிரேமுக்கே 207 கோடி பாதைகள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் 90 நிமிடப் படத்தில் 1,29,600 ஃபிரேம்கள் இருக்கும். மொத்தச் செலவை நினைத்துப் பார்த்தாலே தலை சுற்றும்.

சினிமாவுக்கு எப்போது வந்தது?

1995-ல் வெளியான 'டாய் ஸ்டோரி' காலத்தில் இது கட்டுப்படியாகவில்லை. தெறித்து வரும் வெளிச்சத்துக்குப் பதிலாக, கலைஞர்களே ஆங்காங்கே கூடுதல் விளக்குகளை வைத்துச் சமாளிப்பதுதான் அன்றைய வழக்கம்.

2006-ல் நிலைமை மாறத் தொடங்கியது. பிக்சாரின் 'கார்ஸ்' படத்தில் கார்களின் பளபளப்புக்கு ரே டிரேஸிங் பயன்பட்டது. அதே ஆண்டு வந்த 'மான்ஸ்டர் ஹவுஸ்', முழுக்க பாத் டிரேஸிங்கில் உருவான முதல் முழுநீளப் படமாக அறியப்படுகிறது. டிஸ்னியின் 'பிக் ஹீரோ 6' 2014-ல் ஹைபீரியன் என்ற புதிய மென்பொருளுடன் இதே பாதைக்கு வந்தது.

வீடியோ கேமில் எப்படிச் சாத்தியம்?

சினிமாவில் ஒரு ஃபிரேமுக்குப் பல மணி நேரம் காத்திருக்கலாம். கேமில் முடியாது. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லி விநாடிதான்.

கதிர் எதில் படுகிறது என்று கண்டுபிடிப்பதற்கென்றே தனிப் பகுதி கொண்ட ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகளை என்விடியா 2018-ல் கொண்டுவந்தது. 2023-ல் 'சைபர்பங்க் 2077' கேமில் பாத் டிரேஸிங் வசதி சேர்ந்தது.

அப்போதும் ஒரு பிக்சலுக்கு ஓரிரு பாதைகளைத்தான் பார்க்க நேரம் இருக்கும். மீதியை நிரப்புவது 'டீநாய்ஸர்'. பக்கத்துப் பிக்சல்களையும் முந்தைய ஃபிரேம்களையும் வைத்து, புள்ளி இல்லாத படம் எப்படி இருந்திருக்கும் என்று அது ஊகிக்கிறது. இதற்கு ஏஐ தொழில்நுட்பமும் பயன்படுகிறது. ஊகம் தப்பினால் நுணுக்கமான விவரங்கள் மழுங்கும், வேகமாக நகரும் பொருளுக்குப் பின்னால் நிழல்போல் ஒரு சாயல் இழுபடும்.

கணக்கா, ஊகமா?

கேமில் அந்தப் பிழை பெரிய விஷயமில்லை. ஆனால் ஒளிப்பாதைக் கணக்கு பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்படுவதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கிய 'ரேடியன்ஸ்' என்ற மென்பொருள், கட்டடம் கட்டும் முன்பே அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று கணக்கிடப் பயன்படுகிறது.

பள்ளிக்கூடத்தின் ஜன்னலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க, படம் அழகாக இருந்தால் போதாது. கரும்பலகையில் விழும் வெளிச்சத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும். பாத் டிரேஸிங்கின் பலமே இதுதான். கொடுத்த அளவுகளும் பொருட்களின் தன்மையும் சரியாக இருந்தால், பாதைகள் கூடக் கூட விடை உண்மையை நெருங்கும். ஊகத்தால் மெருகேற்றிய படத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

எனவே நிஜம்போல் ஒரு கம்ப்யூட்டர் படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது எதற்காக உருவானது என்பதுதான். ரசிப்பதற்கு என்றால் கண் நம்பினால் போதும். அதை நம்பி ஒரு சுவரை எழுப்பப் போகிறார்கள் என்றால், கணக்கு முழுதாக முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.