இனுயாஷா

இனுயாஷா, ஜப்பானிய ஓவியர் ருமிக்கோ தக்காஹாஷி எழுதி வரைந்த காலப்பயண மாயச் சாகச மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை). ‘ஷோனென் சண்டே’ வார இதழில் 1996 முதல் 2008 வரை தொடராக வெளிவந்து, 56 தொகுதிகளாக நூலாக்கம் பெற்றது.

தோக்கியோவில் ஷிந்தோ கோயில் வளாகத்தில் வாழும் பள்ளி மாணவி ககோமே, தன் 15ஆம் பிறந்தநாளில் அங்குள்ள பழங்கிணற்றுக்குள் இழுக்கப்பட்டு, உள்நாட்டுப் போர்கள் மலிந்த செங்கோக்கு காலத்தை அடைகிறாள். அங்கே அவளது அம்பு பட்டு, மந்திர ஆற்றல் கொண்ட ஷிக்கோன் மணி சிதறுகிறது. நாய்ப்பேய்க்கும் மானுடப் பெண்ணுக்கும் பிறந்த இனுயாஷாவுடன் அவள் அதன் சில்லுகளைத் தேடுகிறாள். அந்த மணியைக் கைப்பற்ற முனையும் நராக்கு எதிர்நாயகன்.

காலப்பயணத்துக்கு இயந்திரம் எதுவும் இல்லை, கிணறே வழி. தேர்வு எழுத ககோமே அவ்வப்போது நிகழ்காலம் திரும்புவது, நீண்டு செல்லும் வேட்டைக்கு நகைச்சுவை கூட்டுகிறது. ஷோகக்குகான் மங்கா விருது பெற்ற இப்படைப்பை, சன்ரைஸ் நிறுவனம் 2000 முதல் அசைபடத் தொடராகத் தயாரித்தது.