நாற்பத்தைந்து வயது மண்டபம்

புதுடில்லியின் மதுரா வீதி வழியே செல்வோர் ஒருபுறத்தில் புராணா கிலா எனப்படும் பழைய கோட்டையைக் காண்பர். பதினாறாம் நூற்றாண்டில் ஹுமாயூனும் ஷேர் ஷாவும் எழுப்பிய கோட்டை அது. அதன் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் சட்டம் வந்து கேட்கும். வீதியின் மறுபுறத்தே பிரகதி மைதானம் என்னும் கண்காட்சித் திடல் இருக்கின்றது. அத்திடலில் நின்ற மண்டபமொன்றை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவில், இயந்திரங்களைக் கொண்டு இடித்தனர். திங்கட்கிழமை விடிந்தபோது அங்கே கிடந்தது கொங்கிறீற்றுக் குவியல். 'நாடுகளின் மண்டபம்' என்பது அதன் பெயர். அப்பொழுது அதற்கு வயது 45.

நேயர்களே, அம்மண்டபம் எழுந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். இந்தியா விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைவெய்தியதை ஒட்டி, 1972இல் 'ஆசியா 72' என்னும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி அத்திடலில் நடைபெற்றது. அதற்கென இம்மண்டபத்தை வரைந்தவர் ராஜ் ரேவல் என்னும் கட்டடக் கலைஞர்; அது விழாது நிற்பதற்கான கணக்கைச் செய்தவர் மகேந்திர ராஜ் என்னும் பொறியியலாளர். உச்சியை வெட்டிவிட்ட பிரமிட்டுப் போன்ற வடிவம். உள்ளே 78 மீற்றர், அதாவது ஏறக்குறைய 256 அடி அகலத்துக்கு இடையிலே ஒரு தூணும் இல்லை. அதன் அருகே அதே சாயலிற் சிறிய மண்டபங்கள் நான்கு. அவற்றுக்குக் 'கைத்தொழில் மண்டபங்கள்' என்று பெயர்.

தூணில்லாமல் இத்துணைப் பெரிய கூரை நிற்பது எங்ஙனம்? கோல்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசையிலும் பின்னிய சட்டகமே அந்த மண்டபம். சுவரும் கூரையும் அதுவே. மேல்நாடுகளில் இத்தகைய சட்டகத்தை உருக்குக் குழாய்களால் அமைப்பது வழக்கம். தொழிற்சாலையில் ஒரே அளவாகச் செய்த குழாய்களைக் கொணர்ந்து, இணைப்புகளிலே திருகிப் பூட்டிவிட்டாற் போதும். அன்றைய இந்தியாவிலோ உருக்கு அரிதாயும் விலை மிகுந்ததாயும் இருந்தது. மலிவாய்க் கிடைத்தவை சீமெந்தும் மனித உழைப்புமே. ஆகவே, உருக்காற் செய்யவேண்டியதைக் கொங்கிறீற்றாற் செய்யத் துணிந்தனர்.

இது எளிதிற் செய்யக்கூடிய மாற்றமன்று. சாய்ந்து நிற்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் பலகையால் அச்சுக் கட்டவேண்டும். உள்ளே கம்பி வைக்கவேண்டும். கலவையை அந்தரத்தில் நின்று ஊற்றி இறுகச் செய்யவேண்டும். இவற்றினும் இடர் மிக்கவை உறுப்புகள் கூடும் முடிச்சுகள். பல திசையிலிருந்து வரும் கம்பிகள் அங்கே ஒன்றோடொன்று முட்டும்; கலவை இறங்க வழி கிடையாது; உள்ளே சிறிது வெற்றிடம் தங்கினாலும் முடிச்சு வலிமை குன்றும். தொழிலாளர் கைகள் அதனைச் செய்து முடித்தன. வலுவூட்டிய கொங்கிறீற்றால் இவ்வளவு பெரிய முப்பரிமாணச் சட்டகம் உலகில் எழுந்தது அதுவே முதன்முறை. வறுமையிலிருந்து பிறந்த உபாயம் என்று சிலர் இதனைச் சொல்வதுண்டு. எனக்கு அச்சொல் நிறைவு தருவதில்லை. கையிலிருப்பதைக் கொண்டு, பிறர் செய்யாததைச் செய்துகாட்டுவது வெறும் உபாயமாகுமா?

இன்னொன்றும் உண்டு. சட்டகத்தின் முக்கோண ஆழங்கள் வெயிலைத் தடுத்து நிழல் தந்தன. வட இந்திய அரண்மனைகளிலும் கல்லறை மாடங்களிலும் காணும் 'ஜாலி' எனப்படும் கற்சாளரம் செய்த வேலையை இங்கே கட்டடத்தின் எலும்புகளே செய்தன. பழைய ஜாலியின் ஒரு கோட்டைக்கூட அப்படியே படியெடுக்காமல், அதன் பயனை மாத்திரம் புதிய பொருளிலே கொண்டுவந்தார் ரேவல்.

இனி, அது இடிபட்ட கதை. திடலைப் புதுப்பித்துப் பெரியதொரு மாநாட்டு மண்டபம் அமைக்க அதன் நிருவாகம் திட்டமிட்டது. அத்தேவையைப் பொருளற்றதென ஒதுக்கவியலாது. ஆயினும், பழைய மண்டபத்தைப் புதிய திட்டத்துள்ளேயே அமைத்துக்கொள்ளலாம் என்று கட்டடக் கலைஞர் பலர் வாதித்தனர். வெளிநாடுகளிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. வழக்கு டில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. எதுவும் காக்கவில்லை. 60 ஆண்டு நிரம்பாத கட்டடத்தை மரபுரிமையாகக் கருதுவதற்கில்லை என்பது நகரின் மரபுரிமைப் பாதுகாப்புக் குழு கொண்ட நிலை.

அந்த அறுபதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2017இலிருந்து 60ஐக் கழித்தால் 1957 வரும். ஆங்கிலேயர் கட்டி 1931இல் திறந்துவைத்த புதுடில்லி அக்கணக்கில் அடங்கும். விடுதலை பெற்ற இந்தியா தன் கையாற் கட்டியவற்றிலோ முதற் பத்தாண்டுக்குரியவை மட்டுமே அடங்கும். எஞ்சிய அனைத்தும் வயது போதாமையால் வெளியே நின்றன.

முதல் ஆண்டு, 2016இல், சண்டிகாரின் தலைமைக் கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. லெ கொர்பூசியே வரைந்த அத்தொகுதியின் சட்டசபைக் கட்டடத்துக்கும் அன்று 60 வயது ஆகவில்லை. அத்தொகுதியில் உள்ள உயர்நீதிமன்றக் கட்டடத்தின் பொறியியற் பணியில் இளமையில் ஈடுபட்டவர் யார் தெரியுமா? அதே மகேந்திர ராஜ்தான். ஒருவர் உழைப்பிலே உருவான இரு கட்டடங்களுள் ஒன்று உலகச் செல்வம் ஆயிற்று. மற்றையது ஓராண்டுக்குள் கற்குவியல் ஆயிற்று. அதனைக் காணும்போது அவர் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார்.

இடிந்த இடத்திற் கட்டிய 'பாரத மண்டபம்' 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஜி20 நாடுகளின் தலைவர்கள் அங்கே கூடினர்.

பழைய மண்டபத்துக்கு எஞ்சியவை வரைபடங்களும் நிழற்படங்களுமே. நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022இல் தென்னாசியாவின் விடுதலைக் காலக் கட்டடக் கலையைப் பற்றியதொரு கண்காட்சி நடத்திற்று. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகியவற்றோடு நம் நாட்டுக்கும் அதில் இடமிருந்தது. மினெட் டி சில்வா அம்மையாரின் பணியை அங்கே கண்டனர். நாடுகளின் மண்டபமும் அங்கே படங்களாய் நின்றது. அக்கண்காட்சி நடந்துகொண்டிருந்த மே மாதத்திலேயே மகேந்திர ராஜ் காலமானார்.